ஏற்காட்டு நடைப்பயணத்துக்குப் பிறகு 11 ஜூனியர்கள் பரேடுக்கு வருவதில்லை. சீனியர் அண்டர் ஆபீசராக நான் என்ன செய்வது?

கொலுசுப்பட்டறை (சேலம்) கேட்டது:

வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். என்.சி.சி.யில் சீனியர் அண்டர் ஆபீசர், அதாவது கேடட்களுக்குத் தலைவன், ஆகி நாலு மாதம் ஆகிறது. ரேங்க் ஏறிய அன்று அம்மா ஸ்டூடியோவுக்கு இழுத்துப்போய் யூனிபார்மோடு போட்டோ எடுக்க வைத்தார். இப்போது அந்தப் போட்டோவைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

போன மாதம் ஏற்காட்டுக்கு நடைப்பயணம் போனோம். அடிவாரத்திலிருந்து ரோடு வழியாகவே ஏறுவது, 20 கொண்டை ஊசி வளைவையும் கணக்கு வைத்து. கேடட்கள் 38 பேர், என்னைச் சேர்த்தால் 39. என்.சி.சி.க்குப் பொறுப்பான ஆசிரியர், எங்கள் ஏ.என்.ஓ. சார், மதியச் சாப்பாடு பார்க்க வேனில் முன்னாலேயே மேலே போய்விட்டார். போன்களை எல்லாம் காலையிலேயே வாங்கி அந்த வேனில்தான் வைத்திருந்தோம். ஒழுக்கம் என்று நினைத்து அந்த யோசனையைச் சொன்னதும் நான்தான்.

பாதி தூரம் போனதும் பனி இறங்கிவிட்டது. முன்னால் நடப்பவன் முதுகு தெரியவில்லை. நான் பன்னிரண்டாம் வளைவில் இருக்கிறேன், கடைசி ஆள் ஒன்பதில். வரிசை அவ்வளவு நீண்டுவிட்டது. அந்தப் பக்கம் காட்டெருமை ரோட்டைக் கடப்பது சாதாரணம், அந்தப் பயம் வேறு. சரி, பதினாலாவது வளைவில் எல்லோரையும் நிறுத்தி எண்ணிக்கை எடுப்போம் என்று, பின்னால் வந்தவனிடம் "பதினாலுல ஹால்ட், பாஸ் பண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அது ஒவ்வொரு வாயாக இறங்கிக் கடைசியில் போய்ச் சேர்ந்தபோது "பதினாலு பேர் ஹால்ட்" ஆகிவிட்டது. கடைசியாக வந்த 14 பேரும் தங்களை எண்ணிப் பார்த்து, ஒன்பதாம் வளைவிலேயே ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் 25 பேர் பதினாலில் நாற்பது நிமிடம் நின்றோம். விசில் ஊதினேன், மேலே ஏறி வந்த பஸ் ஹாரனில் அது கரைந்துபோனது. கடைசியில் சார் வேனில் கீழே இறங்கிப் போய்த்தான் அவர்களைக் கண்டுபிடித்தார். கடலை மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். வேனிலிருந்து இறங்கி, எல்லோர் முன்னாலும் சார் என்னை ஒன்றே ஒன்று கேட்டார்: "உன் ஆளுங்க எங்க இருக்காங்கன்னு உனக்கே தெரியாதா?"

அந்தக் கேள்வியை நான் அப்படியே கீழே இறக்கிவிட்டேன். அடுத்த பரேடில் சார் வருவதற்கு முன்னால் 14 பேரையும் தனியாக நிறுத்தி ஆளுக்குப் பத்து ஃபிரண்ட் ரோல், தலைகுப்புற உருள வைத்தேன். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது, செம்மண்ணும் சரளையும்தான். முதலாமாண்டுப் பெண் ஒருத்திக்கு முழங்கை உரிந்துவிட்டது. யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அந்தப் பதினாலில் மூன்று பேர்தான் வந்தார்கள். ரிஃப்ரெஷ்மென்ட் பூரிக்காகவாவது வருவார்கள் என்று பார்த்தேன், அதற்கும் வரவில்லை.

எனக்கு சி சர்டிபிகேட் தேர்வு வருகிறது. அது கிடைத்தால் ராணுவ அதிகாரி ஆவதற்கான ஸ்பெஷல் என்ட்ரியில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, ஓ.டி.ஏ.தான் கனவு. அகாடமிகளில் சீனியர்கள் ஜூனியர்களை உருட்டுவதாகத்தானே கேள்விப்படுகிறோம்? அங்கே எடுபடுவது இங்கே ஏன் எடுபடவில்லை? அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யாராவது பற்றவைப்பில் தப்பு செய்தால் அந்தக் கொலுசை எடுத்துத் தன் மேஜைக்குக் கொண்டுபோய்விடுவார், ஒன்றும் பேசமாட்டார். அந்த ஆள் தானாக எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார். அது பட்டறைக்குச் சரி. படைக்குச் சரிவருமா?

நாலுரோடு நண்பன் பதில்:

தம்பி, நீங்கள் செய்ததில் தப்பே இல்லை. பத்து ஃபிரண்ட் ரோலுக்கு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறவன் நாளைக்கு எல்லையில் என்ன செய்வான்? கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில் முதல் டெர்ம் பையன்கள் டிரில் ஸ்கொயர் டெஸ்ட் என்ற அணிவகுப்புத் தேர்வைப் பாஸ் செய்யும்வரை வெளியே கால் வைக்க முடியாது. பட்டி பரேடு என்று ஒன்று உண்டு. இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு டிரஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறி வந்து நிற்கணும், திரும்ப ஓடணும், திரும்ப மாறணும். அப்படி வளர்ந்தவர்கள்தான் ஜெனரல் ஆகிறார்கள். வராதவர்கள் பெயரை நீக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கோரிமேடு சுபேதார் (ஓய்வு) பதில்:

தம்பி, நான் 1979இல் ஓமலூர் பக்கத்திலிருந்து மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குப் போனவன். வெலிங்டனில் பயிற்சி. பிற்பாடு பரங்கிமலையில் மூன்று வருடம் டிரில் உஸ்தாத், அதாவது பயிற்றுநர். கண் சரியில்லை, பேத்தியைத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன். பிழை இருந்தால் அவளுடையது.

முதலில் ஒரு கணக்கு. நீ சொன்னது பதினாலில் நில். அவர்கள் காதுக்கு வந்தது பதினாலு பேர் நில். நின்றார்கள். பனியில், மாடு நடமாடும் இடத்தில், நாற்பது நிமிடம், ஒருத்தரும் கலையாமல் நின்றார்கள். அந்த 38 பேரில் காதில் விழுந்த கட்டளையைக் கேள்வி கேட்காமல் செய்தவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பிடித்து உருட்டியிருக்கிறாய். அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பது வலிக்காக இல்லையப்பா.

இரண்டாவது, டிரில். பரேடில் நீ தினமும் கொடுக்கிற கமாண்டைக் கொஞ்சம் கவனித்துப் பார். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. "தாஹினே" (வலது) என்று இழுக்கிறோமே, அது எச்சரிக்கை. என்ன வரப்போகிறது என்று சொல்வது. அப்புறம் ஒரு இடைவெளி. அதற்கப்புறம்தான் "முட்" (திரும்பு), வெட்டினாற்போல. வெலிங்டன் போனபோது எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. முதல் பதினைந்து நாள் என்னைக் காப்பாற்றியது அந்த இடைவெளிதான். "தாஹினே" என்று உஸ்தாத் நீட்டும்போது பக்கத்தில் நின்ற மலையாளியின் உடம்பு வலது பக்கமாக இறுகுவதை ஓரக்கண்ணில் பார்ப்பேன். "முட்" வருவதற்குள் நானும் தயார். எனக்கு மொழி தெரியாதது கடைசிவரை அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பாசிங் அவுட் அன்று சிரித்துக்கொண்டே தமிழில் "சாப்பிட்டாயா" என்றார்.

பரங்கிமலையில் கேடட்கள் முறை வைத்துக் கமாண்ட் கொடுப்பார்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றே. பதற்றத்தில் இடைவெளியை விழுங்கிவிடுவார்கள். "தாஹினேமுட்" ஒரே மூச்சில் வரும். ஸ்குவாடில் பாதி திரும்பும், பாதி முழிக்கும். உடனே அந்தக் கேடட் ஸ்குவாடைத் திட்டுவான். நான் ஸ்குவாடை ஒன்றும் சொல்லமாட்டேன். கமாண்ட் கொடுத்தவனைக் கூட்டிப்போய் மைதானத்தின் கோடியில் ஒரு மரத்துக்கு முன்னால் நிறுத்துவேன். மரத்துக்குக் கமாண்ட் கொடு என்பேன். கால் மணி நேரம். மரம் திரும்பாது, அதன்மேல் கோபப்படவும் முடியாது. தன் குரல் தன் காதிலேயே விழ ஆரம்பிக்கும்.

நாலுரோடு நண்பருக்கு: நானும் ரகடா, அதாவது உடம்பை வாட்டும் தண்டனை, கொடுத்தவன்தான், பொய் சொல்லமாட்டேன். பிட்டூ (முதுகுப் பை) மாட்டி ஓட விட்டிருக்கிறேன். ஆனால் யார் கொடுக்கலாம், எதற்கு, எவ்வளவு என்று மேலே கேட்க ஆள் உண்டு. கல்லூரியில் சீனியர் மாணவன் ஜூனியரை உருட்டினால் அதற்குப் பெயர் வேறு. தமிழ்நாட்டில் 1997லேயே ராகிங்குக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. 49 வாரம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை, தோளில் நட்சத்திரம் ஏறிய நிமிடமே எனக்கு அதிகாரி. நான் அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடிக்கணும். திட்டும்போதே மனசில் அந்த நாளை வைத்துக்கொண்டுதான் திட்டுவோம். நாளைக்கு இவன் முகத்தைப் பார்த்து நான் கை தூக்க முடியுமா? அதை வாங்கிக்கொள்ள இவனுக்குக் கூசாமல் இருக்குமா?

கொலுசுப்பட்டறை பதில்:

ஐயா, இரண்டு முறை படித்தேன். கீழ்ப்படிந்தவர்களைத் தண்டித்தேன் என்பது உறைக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். நான் சரியாகத்தான் சொன்னேன். நடுவில் எவனோ மாற்றியிருக்கிறான். அவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டாமா?

காபிக்காடு பதில்:

அவனைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறாய் தம்பி, அவனையும் உருட்டவா?

நான் 2010இல் ஓ.டி.ஏ.வில் பயிற்சி பெற்றவள். பத்து வருட ஷார்ட் சர்வீஸ் முடித்து மேஜராக வெளியே வந்து, இப்போது ஏற்காட்டில் மாமனாரின் காபியையும் மிளகையும் பார்த்துக்கொள்கிறேன். உன் ஒன்பதாம் வளைவை வாரம் இரண்டு முறை கடக்கிறேன். இனி கடலை மிட்டாய் ஞாபகம் வரும்.

வாய்மொழிச் செய்தி 38 வாய் தாண்டினால் மாறும். மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால்தான் வயர்லெஸ்ஸில் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லப் பழக்குகிறார்கள். "பதினாலு" கிடையாது, "ஒன்று, நான்கு". "ரோஜர்" என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். "வில்கோ" என்றால்தான் செய்கிறேன் என்று அர்த்தம். இரண்டும் ஒன்று என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர், நானும் ஒருத்தி. நீ சொல்லி அனுப்பினாய். அது கடைசி ஆள்வரை போய்த் திரும்பி உன்னிடம் வந்ததா என்று பார்க்கவில்லை. கடைசி ஆளாக உனக்கு அடுத்த ரேங்கில் இருப்பவனை வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. மலை நடையில் முன்னால் போவது சுலபம். வால் பக்கம்தான் பொறுப்பான ஆள் வேண்டும்.

பயிற்சியில் ஆர்டர் கொடுக்க ஐந்து தலைப்பு கற்றுத் தருவார்கள். நிலவரம், வேலை, அதை எப்படிச் செய்வது, சாப்பாடு தண்ணீர் மருந்து, கடைசியாக யார் தலைமை, எப்படித் தொடர்பு. மண்ணில் மாடல் போட்டு, சுற்றி உட்காரவைத்துச் சொல்வோம். எல்லாம் சொல்லி முடித்து "சந்தேகம்?" என்று கேட்டுவிட்டு, கடிகாரங்களை ஒன்றாக வைத்துக்கொள்வோம். நீ அடிவாரத்தில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து "பனி வந்தால் பதினாலாவது வளைவில் கூடுகிறோம்" என்று சொல்லியிருந்தால், மேலே செய்தி அனுப்பவே வேண்டியிருக்காது. சுபேதார் ஐயா சொன்ன எச்சரிக்கைத் துண்டு இதுதான். நீ வெறும் "முட்" மட்டும் சொல்லியிருக்கிறாய், அதுவும் பனிக்குள்ளே.

அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் என்று ஒரு அகாடமி, 1802இல் ஆரம்பித்தது. அங்கே முதலாண்டு கேடட் சீனியருக்குச் சொல்லக்கூடிய பதில் நான்கே நான்கு என்று ஒரு பழைய வழக்கம். ஆமாம் சார், இல்லை சார், சாக்குச் சொல்ல ஏதுமில்லை சார். இந்த மூன்றைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள், முக்கியமாக மூன்றாவதை. நாலாவது பதில்: "சார், எனக்குப் புரியவில்லை." அவ்வளவு கெடுபிடியான இடத்திலேயே அதற்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உன் பதினாலு பேரில் ஒருத்தருக்காவது "எதுக்குப் பதினாலு பேர் மட்டும் நிக்கணும்?" என்று தோன்றாமல் இருந்திருக்குமா? தோன்றியிருக்கும். கேட்டால் நீ என்ன செய்வாய் என்ற பயத்தில் விட்டிருப்பார்கள். நாலு மாதத்தில் அப்படி ஒரு ஸ்குவாடை உருவாக்கி வைத்திருக்கிறாய். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஓ.டி.ஏ.வில் ஜூனியர் அண்டர் ஆபீசராக இருந்தபோது நானும் இப்படித்தான் இருந்தேன். என் ரூம்மேட் ஒரு நாள் இரவு பாலிஷ் போட்டுக்கொண்டே, "உன்னிடம் எதையும் சொல்லவே எல்லோருக்கும் பயமாக இருக்கிறது, தெரியுமா?" என்றாள். தெரியாது. அன்றுவரை எல்லோரும் என்னை மதிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

எஸ்.எஸ்.பி. பற்றிக் கேட்டாய். ஐந்து நாள், 15 குணங்கள் பார்ப்பார்கள், பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதை மனப்பாடம் செய்யாதே. கமாண்ட் டாஸ்க்கில் ஒவ்வொருவரும் கமாண்டர் ஆகும்போது, உதவிக்குத் தன் குழுவிலிருந்தே ஆள் கூப்பிடணும். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார். அந்தப் பதினாலு பேரும் கமாண்டராக நின்றால், எத்தனை பேர் உன்னைக் கூப்பிடுவார்கள்?

நாலுரோடு நண்பன் பதில்:

மேடம் சொல்வதும் சரிதான். ஆனால் கேள்வி கேட்கவிட்டால் கடைசியில் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள் என்பது என் அனுபவம். நான் ராணுவத்தில் இல்லை, ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன்.

காபிக்காடு பதில்:

அண்ணா, சுடச்சுடச் சண்டை நடக்கும்போது யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதற்கு முன்னால் கேட்கவிட்டிருந்தால்தான் அப்போது கேட்காமல் செய்வார்கள். உங்கள் கடையில் தீபாவளி வாரத்தில் பையன்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே ரேக்கிலிருந்து துணியை எடுப்பார்கள் இல்லையா? அது தீபாவளி வாரத்தில் கற்றுக்கொண்டது இல்லையே.

கொலுசுப்பட்டறை பதில் (மூன்று வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஏ.என்.ஓ. சாரிடம் போய் ஃபிரண்ட் ரோல் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இரண்டு பரேடுக்கு என்னைக் கமாண்ட் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, ஸ்குவாடில் கடைசி வரிசையில் நிறுத்தினார். அங்கிருந்து கேட்டால் முன்னால் சொல்வது எவ்வளவு மங்கலாக விழுகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

11 பேர் வீட்டுக்கும் போகணும் என்று முடிவு செய்து ஒன்பது வீட்டுக்குத்தான் போக முடிந்தது. இரண்டு பேர் வாழப்பாடி பக்கம், போனில் பேசினேன். முழங்கை உரிந்த பெண்ணின் வீடு அம்மாபேட்டை. அவள் அம்மா தறியை நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டது தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். இரண்டாவது முறை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் தறியை நிறுத்தினார். மோர் கொடுத்தார். மகளை அனுப்புவதாகச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை பரேடுக்கு எட்டுப் பேர் திரும்ப வந்தார்கள், அந்தப் பெண்ணும். உருட்டிய அதே இடத்தில் நின்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அது வீடுகளில் கேட்டதைவிடச் சுலபமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. மூன்று பேர் வரவில்லை. ஒருவன் பகுதி நேர வேலைக்குப் போகிறானாம். மற்ற இருவர் காரணம் சொல்லவில்லை.

அன்று மேடம் சொன்ன மாதிரி மண்ணில் வளைவுகளை வரைந்து, அடுத்த நடைக்கு ஆர்டர் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை குப்பனூர் வழி. சந்தேகம் உண்டா என்றேன். அதே முழங்கைப் பெண் கை தூக்கி, "புரியலை சீனியர்" என்றாள். திரும்பச் சொன்னேன். "இன்னும் புரியலை." மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. பாதியில் பார்த்தால், நான் வரைந்ததிலேயே இடமும் வலமும் மாறியிருந்தது. அவள் முதல் தடவையே பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். குச்சியை அவளிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ம்" என்றார்.

கோரிமேடு சுபேதார் (ஓய்வு) பதில்:

மரத்துக்குக் கமாண்ட் கொடுத்துப் பார்த்தாயா, அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

கொலுசுப்பட்டறை பதில்:

மைதானத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள் ஐயா. வெட்கமாக இருக்கிறது.

கோரிமேடு சுபேதார் (ஓய்வு) பதில்:

என் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரைக்கு வா. ஆறுக்கு வராதே, பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுப்பார், கொஞ்சம் அசந்து தூங்கட்டும். ஷூ பாலிஷ் போட்டிருக்கணும். கோரிமேடு ஸ்டாப்பில் இறங்கியதும் போன் பண்ணு, பேத்தி எடுப்பாள்.